தேவையில்லாதது

காலையில் குடித்த காபியின் சூடு உதட்டில் உறைக்கவில்லை. தமிழ்வாணி விரலால் தொட்டுப் பார்த்தாள். உதடு இருந்தது, ஆனால் மரத்துப்போயிருந்தது. மாடியில் காய்ந்துகொண்டிருந்த படம் ஞாபகத்துக்கு வந்தது.

கணவன் முகேஷ் நேற்றுத்தான் அவளை வரைந்து முடித்திருந்தான். ஒரே மஞ்சளில் முகம், ஒரே நீலத்தில் சேலை. வாய் இல்லை.

"வாய் எங்க?" என்று கேட்டாள்.

"அம்புட்டையும் வரஞ்சா அது போட்டோ. தேவையில்லாதத எடுத்துட்டாத்தான் நெறம் நிக்கும்."

பெயின்ட் அவள் சம்பளத்தில் வாங்கியது. அவள் வாய்தான் தேவையில்லாமல் போயிற்று. போன வருஷம் மாமனார் விருமாண்டியை ஒரு சிவப்பு முக்கோணமாக வரைந்தான், கால் இல்லாமல். கண்காட்சியில் அதைக் கொண்டாடினார்கள். மாமனார் அதற்குள் படுத்த படுக்கையாகியிருந்தார். வயசு என்றார்கள், அவளும் நம்பித் தொலைத்தாள்.

விருமாண்டி கோயில் மண்சிலைகளுக்கு வண்ணம் தீட்டியவர். கண்ணைக் கடைசியில் வரைவார், அதுவரைக்கும் அது வெறும் மண் என்பார். "எங்கப்பா கடைசியில கண்ணத் தொறப்பாரு, நான் தொறக்கவே மாட்டேன்" என்று முகேஷ் பேட்டிக்குப் பேட்டி சொல்லிச் சிரிப்பான்.

மத்தியானம் விளாங்குடி முழுக்கக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் வீட்டின் சின்னச் சத்தங்களெல்லாம் பெரிதாகக் கேட்டன: குழாய் சொட்டுவது, மாமனாரின் கட்டில் முனகுவது, டர்பன்டைன் நெடியோடு மாடிப்படி இறங்கிவரும் பிரஷின் சரசரப்பு. அவன் யாரையோ வரைந்துகொண்டிருந்தான்.

யாரை?

மகள் பவதாரிணி டியூஷன் போயிருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். மகளின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

கூப்பிடப் பார்த்தாள். குரல் வரவில்லை. கை வைத்தாள். மூக்குக்குக் கீழே வழவழப்பு. தாடை வரைக்கும் வெறும் தோல்.

படியேறி ஓடினாள்.

முகேஷ் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே கேன்வாசில் பச்சை வட்டமாக ஒரு முகம், ரெண்டு கருப்பு ஜடை, சிவப்புக் கோடாக ஒரு வாய். அவ்வளவுதான்.

"எப்படி வந்திருக்கு பாரு" என்றான், திரும்பாமலே.

ஜன்னலோரம் முக்காலியில், படிக்கு முதுகைக் காட்டி பவதாரிணி உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயில் அவள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"கரண்ட் எப்பப்பா வரும்? ஒரே இருட்டா இருக்கு."

அவன் காதில் விழவில்லை. நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலடிச் சத்தம் கேட்டு மகள் திரும்பினாள். நெற்றி நேராகக் கன்னத்தில் இறங்கியிருந்தது.

"யாரு, அம்மாவா? பேசும்மா."

தடவிக்கொண்டே வந்த சின்னக் கை தமிழ்வாணியின் முகத்தைத் தொட்டது. வாய் இருந்த இடத்தைத் தேடித் தேடி வழுக்கியது.