வலப்புறத்து மௌனம்

கொள்ளிடத்தின் கீழ்வானில் எழுந்த முழுமதி, நாணற்காட்டின் வெண்பூக்களையும் கரை நெடுகப் பரந்திருந்த பாசறைக் கூடாரங்களையும் பால்வெள்ளத்தில் மூழ்கடித்துக்கொண்டிருந்தது. ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, அவ்வழகை நுகரும் நிலையில் சேனாதிபதி சேந்தன் கண்டன் இல்லை. தான் முற்றுகையிட்டிருந்த கோட்டையின் தலைவன் பூதி மழவனோடு விடிந்ததும் அவன் தனித்து வாட்போர் புரிய வேண்டும், வென்றவருக்கே கோட்டை. அவனுக்கோ கூடார வாயில்வரை நடந்தாலே மூச்சு இரைத்தது.

"வெறும் சளிதான், பெண்ணே. கஷாயம் கொடுத்துவிட்டுப் போ" என்றான், ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து வீரர்கள் அழைத்து வந்த மருத்துவச்சி கொற்றியிடம்.

"பார்த்த பிறகு சொல்கிறேன், சேனாதிபதி."

அவன் மூச்சிழுக்கையில் மார்பின் இடப்புறம் உயர்ந்தது, வலப்புறம் தயங்கியது. அவள் அவன் முதுகில் இரு உள்ளங்கைகளையும் பதித்தாள்.

"ஏதேனும் ஒரு பெயரை உரக்கச் சொல்லுங்கள். குரலின் அதிர்வு என் கைக்கு எட்ட வேண்டும்."

"பூதி மழவன்!"

இடக்கை அதிர்வை உணர்ந்தது, வலக்கையில் ஒன்றுமில்லை. விரலால் தட்டினாள். இடப்புறம் முழவுபோல் ஒலித்தது. வலப்புறமோ நீர் நிறைந்த குடம்போல் மந்தமாயிருந்தது. பிறகு காதைப் பதித்து, கண்மூடிக் கேட்டாள். வலப்புறத்தில் மூச்சின் ஓசையே இல்லை.

நிமிர்ந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மீண்டும் அவன் முதுகில் காதைப் பதித்தாள்.

"நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. நாளை வாளெடுத்தால், எதிரியின் வாள் படுமுன்னரே விழுவீர்கள்" என்றாள் இறுதியில்.

சேந்தன் திரும்பி அவளை உற்று நோக்கினான். "மழவன் பெயரைச் சொன்னபோது உன் கைகள் ஏன் நடுங்கின?"

கொற்றியின் முகம் வெளுத்தது. ஆயினும் தலை தாழவில்லை. "அவர் என் தமையன். வேவு பார்க்கவே கோட்டையை விட்டு வந்தேன்."

"நான் நலமென்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வென்றிருப்பாரே!" என்றான் சேந்தன்.

"அந்த வார்த்தையைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் முயன்றேன். தங்கள் மூச்சுப் படும் பாட்டைக் காதால் கேட்டுவிட்டேனே... நாக்கு எழவில்லை."

சேந்தன் மெல்ல எழுந்து, தன் வாளை உருவி அவள் காலடியில் வைத்தான்.

"தேவி, தங்கள் தமையன்மீது இவ்வாள் இனி எழாது. விடிந்ததும் முற்றுகை நீங்கும். இது என் சபதம். காவலர்கள் தங்களைக் கோட்டையில் சேர்ப்பார்கள்."

"நாளை போகிறேன். முதலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்துகொள்ளுங்கள், மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும்" என்றாள் மழவனின் தங்கை.