பெட்டிக்குள் ஒரு நூல்முனை

டிரான்சிஸ்டரைக் கழற்றிய பிறகும் பெட்டிக்குள் யாரோ மூச்சு விடுவது ரத்தினசாமிக்குக் கேட்டது.

அவன் கையாலேயே செய்த பெட்டி. மூளைக் காய்ச்சலில் அவன் மனைவி மயிலாள் படுக்கையில் விழுந்து, குரலும் முணுமுணுப்பாகச் சுருங்கியபோது, "மூலனூருக்கே அனுப்பிருங்க, அவ பொறந்த ஊட்ல பாத்துக்கட்டும்" என்று சொந்தபந்தமெல்லாம் நாட்டாமை பண்ணியது. ஒரு வாய் கஞ்சி ஊட்ட ஒருத்தரும் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் கோயமுத்தூரில் ரேடியோ சாமான் வாங்கி, சர்க்யூட் அட்டையில் துளை போட்டு, அவள் தலைமாட்டில் மைக்கும் ஷெட்டில் பனியன் பின்னும் மெஷின் பக்கத்தில் இந்த ஸ்பீக்கர் பெட்டியுமாக வைத்தான். அவள் கூப்பிட்டால் கேட்க வேறு வழியில்லை. இன்று மத்தியானம் அது ஊமையாகிவிட்டது.

வெளியே மழை இருட்டு. கரண்ட் போய் மெஷின் நின்றிருந்தது. வந்ததும் தானே ஓடட்டும் என்று இங்கே எல்லோரையும்போல அவனும் ஸ்விட்சை அணைக்கவில்லை. எண்ணெய் வாடையும் ஈரப் பஞ்சு வாடையும் மூக்கை அடைக்க, கரியடுப்பில் காய்ச்சிய இரும்பால் ஈயத்தை உருக்கி, டிரான்சிஸ்டரைப் பிடுங்கி, மீட்டரில் வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. பேட்டரியையும் எடுத்து வைத்தாயிற்று. ஆனாலும் அந்த மூச்சு.

டிரான்சிஸ்டரின் கால் இருந்த துளையில் வெள்ளையாக ஒரு நூல்முனை நீட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு புகுந்து கெடுத்திருக்கும். பனியன்காரன் கை நூல்முனையைக் கண்டால் சும்மா இருக்குமா? இழுத்தான்.

வந்தது. பின்னலைப் பிரித்தெடுத்ததுபோல் சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்க..."

மயிலாளின் குரல். கல்யாணமான புதிதில் கிணற்றடியிலிருந்து கூப்பிடுவாளே, அதே கணீர்க் குரல். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மிணி, இன்னொருக்கா பேசு!" இன்னும் வேகமாக இழுத்தான்.

"இழுக்காதீங்க."

நூல் வெதுவெதுப்பாக இருந்தது. விரலெல்லாம் ஈரம்.

"ஏனுங்க, என்ற ரெண்டு காலையும் காணமுங்க."

நூலை மெஷின் ஊசிகள் மேல் உதறிவிட்டு உள்ளறைக்கு ஓடினான்.

போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணையில் முகம் மட்டும். கண்கள் அவனையே பார்த்தன. தாடைக்குக் கீழே பிரிந்த நூல்பின்னல். அதிலிருந்து ஒற்றை நூல். மைக் ஒயர் போகும் சுவர்த்துளை வழியே ஷெட்டுக்குள்.

விளக்கு எரிந்தது.

கரண்ட்.

மெஷின் ஓடத் தொடங்கியது. நூல் விறைத்தது. அவன் கண் முன்னால் அவள் தாடை, ஒவ்வொரு வரிசையாக, பிரிய ஆரம்பித்தது.

ஷெட்டிலிருந்து, மெஷின் சத்தத்தையும் மீறி, கணீரென்று அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.