வாகைக்காக வெட்டிய குழி

மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் நீலியாறு, அடர்ந்த கானகத்துக்குள் நுழையுமிடத்தில் அகன்றதொரு வளைவு வளைந்து செல்கிறது. அன்று பௌர்ணமி. அந்தி வானத்தின் செம்மை முற்றும் கரைவதற்குள் கீழ்த்திசையில் நிலவு எழுந்துவிட்டதால், ஆற்றின் ஒரு கரை சிவந்தும் மறுகரை வெளுத்தும் கிடந்தது. இத்தகைய எழில்மிக்க வேளையில் நாற்பது வீரர்கள் பேச்சு மூச்சின்றி நின்றிருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்களெதிரே நின்ற ஏழு மரங்கள்தாம்.

கிளைதோறும் நூற்றுக்கணக்கான கூந்தல் இழைகள் முடிச்சிட்டுத் தொங்கின. கருத்தவை, நரைத்தவை, வெயிலில் செம்பட்டையானவை. காற்று துளியும் இல்லை. ஆயினும் அவை அசைந்துகொண்டிருந்தன. மதயானைக்கு அஞ்சாத வீரர்கள் தாயத்தைத் தடவிக்கொண்டார்கள். அன்பு வாசகர்களே, அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். நாம் அங்கிருந்தால் எப்போதோ ஓட்டம் பிடித்திருப்போம்.

அந்தத் தோப்பின் மண்ணுக்கடியில் ஏழு தலைமுறைப் பெண்கள் உறங்கினார்கள். மூலிகையால் நோய் தீர்ப்பது அவர்கள் தொழில். ஓர் இலையைப் பறிப்பதானாலும் முதலில் தம் தலையிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி அக்கிளையில் கட்டுவார்கள். மரத்துக்கு எதுவும் கொடாமல் எடுப்பது களவு என்பது அவர்கள் கொள்கை. அவர்களில் ஒருத்தி இறந்தால், புதைத்த இடத்தில் அவள் பெயர் கொண்ட மரத்தையே நடுவார்கள். இதைத்தான் ஊரார் சூனியம் என்றார்கள்.

எட்டாம் தலைமுறையில் எஞ்சியவள் செருந்தி. கைகள் கட்டப்பட்டு, அடுக்கிய விறகின் அருகே நின்றிருந்தாள். அவளெதிரே ஓலையும் கையுமாக நின்ற படைத்தலைவன் விழுப்பரையனின் முகத்தில் ஈயாடவில்லை. சென்ற ஆண்டு அம்பு பாய்ந்த தோளை அவளிடம் ஆற்றிக்கொண்டவன் அவன். ஆறிய பின்னும் வலிக்கிறது என்று சொல்லி மூன்று மாதம் வந்துபோனவன்.

"தப்பிப் போய்விடு என்று முன்பே ஆள் அனுப்பினேனே. ஏன் போகவில்லை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அக்கா திரும்பி வரும்போது இங்கே யாராவது இருக்க வேண்டாமா, ஐயா?"

அவன் மறுமொழி சொல்லுமுன் மூடுபல்லக்கு வந்திறங்கியது. வெளியே வந்தவர் இராஜமாதா நங்கைப்பிராட்டியார். எட்டு வயது அரசர் இருபது நாளாகக் காய்ச்சலில் கிடந்தார். தோப்புக்காரியின் ஏவல்தான் காரணம் என்று அரண்மனை முழுவதும் பேச்சு. அவ்வோலையில் முத்திரை பதித்தவர் இவரே. குற்றம் சாட்டியவர் தம் கையால் ஒரு சுள்ளி ஒடித்துச் சிதையில் இட்ட பின்பே தீ மூட்டுவது அந்நாட்டு வழக்கமாதலால் நேரில் வந்திருந்தார்.

விழுப்பரையன் ஓலையைப் படித்தான். "மரத்தில் கூந்தல் இழை கட்டும் பெண் எவளாயினும் தீயிலிடப்படுவாள். இது அரசாணை."

இராஜமாதா மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாவதாக நின்ற மருத மரத்தில் அவர் பார்வை தடுமாறியது.

"இது யார்?"

"என் தாய் மருதி. போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது, தேவி" என்றாள் செருந்தி.

"பக்கத்தில் வெறுங்குழி இருக்கிறதே?"

"என் அக்கா வாகைக்காக அம்மா வெட்டியது. இருபது வருஷத்துக்கு முன் அவள் சேலை ஆற்றங்கரையில் கிடந்தது. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றார்கள். நான் நம்பவில்லை, மரம் நட விடவில்லை. மழைக்காலந்தோறும் வண்டல் வந்து குழியை மூடும். நான் அள்ளி வெளியே போடுவேன்."

இராஜமாதா மருத மரத்தை நெருங்கினார். சுள்ளியை ஒடிக்க வலக்கை உயர்ந்தது. ஆனால் இடக்கை, யாரும் ஏவாமலே, அவர் தலைக்குப் போயிற்று. ஓர் இழையைப் பிடுங்கியது. இரு கைகளும் சேர்ந்து அதைக் கிளையில் சுற்றி முடிச்சிட்டன. முடிச்சை இறுக்கிய பிறகே தாம் செய்தது இன்னதென்று அவருக்குப் புரிந்தது.

நாற்பது வீரர்களும் பார்த்துவிட்டார்கள். 'எவளாயினும்' என்ற ஆணையின் சொல் அவர்கள் காதில் இன்னும் இருந்தது.

முதலில் தேறியவள் செருந்திதான். அந்த விரல்கள் முடிச்சிட்ட விதத்தை அவள் ஏழு வயதில் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவள். உரக்கச் சொன்னாள்: "காற்றில் தேவியாரின் கூந்தல் கிளையில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிடுங்கள், ஐயா. ஆகவேண்டியதைப் பாருங்கள்."

வாசகர்களே, நங்கைப்பிராட்டியார் தலையை ஆட்டியிருந்தால் போதும். மகனும் அரியணையும் அவருடையவை, தங்கை சாம்பலாவாள். பாம்பு தீண்டிய இளவரசனைப் பிழைக்க வைத்து, சேலையை ஆற்றங்கரையில் போட்டுவிட்டு அவனோடு போனவள், சிற்றரசன் மகள் என்ற பொய்யோடு இருபது ஆண்டு வாழ்ந்தவள், பிறப்பைப் பற்றிய முணுமுணுப்பை அடக்கவே அந்த முத்திரையைப் பதித்தவள். அச்சம் மனிதரை எவ்வளவு கீழே இறக்கிவிடுகிறது!

அவர் மரத்தண்டில் நெற்றியை வைத்து நெடுநேரம் நின்றார். பின் திரும்பினார்.

"காற்று முடிச்சுப் போடுமா, செருந்தி?"

பிறகு விழுப்பரையனை நோக்கினார்.

"படைத்தலைவரே, என் பெயர் வாகை. இந்த மருதியின் மூத்த மகள். ஆணையை மறுபடி படியும். எரிப்பதானால் இருவரையும் எரித்துவிடும்."

விழுப்பரையன் ஓலையை விரித்தான். முதல் வரியிலேயே குரல் நின்றுவிட்டது. ஓலையை நான்காக முறித்து ஆற்றில் எறிந்தான். வாளை உருவி மருத மரத்தடியில் வைத்து மண்டியிட்டான். "இவ்வாள் என் கையில் உள்ளவரை இத்தோப்பில் ஒரு கிளையும் விழாது, தேவி. இங்கே நடந்ததை அரண்மனைக்குச் சொல்ல விரும்புகிறவன் முதலில் என்னிடம் வரட்டும்." வீரர்களில் ஒருவரும் வரவில்லை.

வாகை தங்கையின் கட்டை அவிழ்த்தாள். "என் மகன் நெருப்பாய்க் கொதிக்கிறான். உன்னைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் வருவாயா?"

செருந்தி மருத மரத்தில் தன் இழை ஒன்றைக் கட்டினாள்; காய்ச்சலுக்கு வேண்டிய பட்டையைக் கீறியெடுத்து முந்தானையில் முடிந்தாள். பிறகு நேரே குழியருகே போய் அமர்ந்து, ஒரு பிடி மண்ணை உள்ளே போட்டாள்.

"இருபது வருஷம் நான் அள்ளியிருக்கிறேன், அக்கா. மீதியை நீ தள்ளு."