குழியில் குதித்த கால்கள்

ஜஹனாராவின் கால்கள் ஓரிடத்தில் நிற்காது. அன்று காலையிலிருந்து தொழுவத்துக்கும் குழிக்கும் நடுவே இருபது தடவையாவது நடந்திருப்பாள்.

"குழியத் திறக்கலாமா, அத்தா?"

"சாயங்காலம்னு சொன்னேன்ல? ஒரு எடத்துல குந்தும்மா!" என்றார் அவள் அப்பா கலீமுல்லா.

எப்படிக் குந்துவாள்? அந்தக் குழி கெட்டுப்போனால் மோத்தி போய்விடும்.

மோத்தி அவர்கள் வீட்டு எருமை. கன்னங்கரேலென்று இருந்த கன்றுக்கு முத்து என்று பொருள்படும் பெயரை வைத்தவள் அம்மா. அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். ஆனாலும் விடிகாலையில் சமையலறைக் கதவு கிறீச்சிட்டால், மோத்தி இன்னும் தலையைத் திருப்பிப் பார்க்கும்.

அடையாற்றங்கரையில் கோடையில் புல் காய்ந்துவிடும். பச்சைத் தீனி இல்லாவிட்டால் மோத்தியைப் பொன்னேரி வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதாக அத்தா சொல்லியிருந்தார்.

பச்சைச் சோளத்தட்டையை நறுக்கிக் குழியில் போட்டு மண்ணால் மூடினால், அது ஊறுகாய் போலப் புளித்துப் பல மாதம் கெடாமல் இருக்கும். ஒரு மாட்டுப் பண்ணையில் குழியை மூடும்போது அத்தா பார்த்தார். நிரப்பும்போது பார்க்கவில்லை. 1934ஆம் வருடம் தை மாதம் வீட்டிலும் அப்படி ஒரு குழி போட்டார். அதைத்தான் இப்போது பங்குனியில் திறக்கப்போகிறார்கள்.

சாயங்காலம் மண்ணை விலக்கியதும் குப்பென்று நாற்றம் கிளம்பியது. வேடிக்கை பார்க்க வந்த மீனவக் குப்பத்துத் தோழி லூர்துமேரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க குப்பத்துல மீன் அழுகினாகூட இப்படி நாறாதுடீ!"

தட்டையெல்லாம் கறுத்து, வெள்ளைப் பூசணம் பூத்திருந்தது. மோத்தி மோந்து பார்த்தது; ஒரு தும்மல் போட்டது; திரும்பிக்கொண்டது.

"வியாபாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்" என்றார் அத்தா.

ஜஹனாராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிழக்கு மூலையில் தட்டை கறுக்கவே இல்லை. மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. புளித்த வாசனை வந்தது. ஒரு பிடியைச் சிரமப்பட்டுப் பெயர்த்து நீட்டினாள். மோத்தி அவள் விரலையும் சேர்த்து நக்கியது.

இந்த மூலை மட்டும் ஏன் கெடவில்லை?

சட்டென்று அவளுக்குக் காது சுட்டது. குழி நிரப்பிய அன்று இதே மூலையில்தான் அவள் குதிகுதியென்று குதித்தாள். "துன்ற பொருள மிதிக்கிறியா?" என்று அத்தா காதைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"அத்தா, நான் குதிச்ச எடம் மட்டும் நல்லா கீது! அங்க கைய வுட்டா முழங்கை வரைக்கும் போவுது. இங்க விரல்கூட எறங்கல. காத்து பூந்த எடமெல்லாம் கெட்டுப்போச்சு!"

"அதுக்காவ தீனிய மிதிக்கிறதா?"

"காலக் கழுவிக்கினு மிதிப்போம். அம்மா ஊறுகாய ஜாடியில அமுக்கி அமுக்கித்தானே வெப்பாங்க?"

அத்தா ஒரு குச்சியை எடுத்து இரண்டு இடத்திலும் குத்திப் பார்த்தார். பிறகு கிணற்றடியில் அறுக்காமல் நின்ற சோளத்தைப் பார்த்தார்.

மறுவாரம், கெட்ட தட்டையை அள்ளிக் குழியைக் காலி செய்ததும், லூர்துமேரி குப்பத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டி வந்தாள். ஜஹனாரா ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

"ஏய், உன் குதிகால்ல மணல் கீது."

"கடலோரமா பொறந்துட்டேன், இன்னா பண்றது?"

ஒரு அடுக்கு தட்டை கொட்டுவதும் ஒரு ஆட்டம் குதிப்பதுமாகக் குழி நிறைந்தது. அத்தா குச்சியால் குத்திப் பார்ப்பார். இறங்கினால், "இன்னும்!" என்பார். கடைசியில் அவரும் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

நடுவில் வியாபாரி இரண்டு தடவை வந்து மோத்தியைத் தட்டிப் பார்த்தான். "வைகாசி வரைக்கும் பொறு" என்று அத்தா அனுப்பிவைத்தார். ஜஹனாரா நடந்து நடந்து குழியைச் சுற்றி ஒரு தடமே விழுந்துவிட்டது.

வைகாசியில் குழியைத் திறந்தார்கள். நாற்றமில்லை, புளிப்பு வாசனை மட்டும்தான். கூடைக்குள் முகத்தை நுழைத்த மோத்தி நிமிரவே இல்லை.

"இனிமே வியாபாரி வந்தா, மோத்தி சாப்டுக்கினு கீதுன்னு சொல்லிடலாம்" என்று அத்தா சிரித்தார். பிறகு மகளைப் பார்த்தார். "இன்னாம்மா, அதிசயமா அசையாம நிக்கிற?"

"மோத்தி என் பாவாடைய மிதிச்சிக்கினு கீது, அத்தா" என்றாள் ஜஹனாரா. "துன்னு முடிக்கட்டும்."