எட்டும் எய்ட்டும்

"நாளைக்குக் காலையில எல்லாத்தையும் கொளுத்தப் போறாராம் எங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பள்ளி ஆசிரியை நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அதை வாங்கிக்கொண்ட அம்மையார் அச்சகத்தில் முப்பத்தோராண்டு மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். மொட்டைக் கடிதம், திருத்திய உயில் என்று எழுத்தில் எந்தச் சிக்கலானாலும் அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் வருவார்கள். தபால்காரராக இருந்த அவர் கணவருக்கு இதில் இன்னும் ஆர்வம் அதிகம். அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

ஆசிரியையின் அப்பா இரண்டு மாதத்துக்கு முன் காலமானவர். ஒரே வேரில் பிறந்து, வெவ்வேறு மொழிகளுக்குப் போய் உருமாறிய சொற்களை ஆயுள் முழுக்க அட்டைகளில் தொகுத்தவர். அந்த அகராதியை முடிக்க வேலையை விடுவதாக மகள் அறிவித்த வாரம், அப்பாவின் மேசையில் இந்தக் கடிதம் கிடைத்தது. தட்டச்சு செய்தது, கையெழுத்து இல்லை.

‘என் உழைப்பு வீண். தமிழ் எட்டும் இங்கிலீஷ் எய்ட்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று கண்டுபிடித்து யாருக்கு என்ன பயன்? அட்டைகளை எரித்துவிடுங்கள்.’

"அப்பாவுக்கு டைப் அடிக்கத் தெரியுமா?"

"மெஷினைத் தொடவே மாட்டாரும்மா. அவர் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் ஒருத்தர் வந்து அடிச்சுக் குடுப்பாரு. இருபது வருஷமா."

"அப்ப அந்த ஆள்தான்!" என்றார் தபால்காரர்.

"கொஞ்சம் சும்மா இருங்க. முதல்ல போய்ப் பாப்போம்."

அப்பாவின் அறையில் கூரைவரை செருப்புப் பெட்டிகள், எல்லாவற்றிலும் அட்டைகள். அண்ணன் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். சொல்லியனுப்பிய தட்டச்சாளரும் வந்து சுவரோரம் நின்றார்.

அம்மையார் கடிதத்தைத் திருப்பி விரலால் தடவினார். "ஒரு எழுத்து தாளையே ஓட்டை போட்டிருக்கு, அடுத்தது சரியா பதியவே இல்ல. ஒத்தை விரலால தேடித் தேடிக் குத்தினது. இருபது வருஷம் பழகின கை இப்படி அடிக்காது."

தபால்காரரின் முகம் தொங்கிப்போனது.

"இன்னொண்ணு. எட்டும் எய்ட்டும் ஒரே வேர்தானா?"

"சொந்தமே இல்ல!" ஆசிரியையும் தட்டச்சாளரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "சாப்பிடறப்போ அப்பா சொல்வாரு, முகஜாடையைப் பாத்து ஏமாறாதேன்னு. நம்ம எட்டு வேற குடும்பம். எய்ட்டோட கூடப்பிறந்தது சமஸ்கிருத அஷ்டமும், ஆக்டோபஸ்ல இருக்கிற ஆக்டோவும். மூணுக்கும் ஜாடையே இல்ல, ஆனா ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. பல் டாக்டர்கிட்ட போனாக்கூட, தந்தமும் டென்டிஸ்டும் பங்காளின்னு வாயில கருவியோட அவருக்கே பாடம் எடுப்பாரு."

"அந்தச் சாப்பாட்டு மேசையில உக்காராதவங்கதான் இதை எழுதியிருக்கணும்" என்றார் அம்மையார் மெதுவாக.

கயிறு கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏழு வயசுல என்னை ஹாஸ்டல்ல விட்டாங்க" என்றார் அண்ணன். "லீவுக்கு வந்தா இந்தக் கதவு சாத்தியிருக்கும். அம்மா சாப்பாட்டுத் தட்டோட வெளிய நிப்பாங்க. நின்னு நின்னே போய்ச் சேந்தாங்க. இவளும் வேலையை விட்டுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாளோன்னு பயந்துட்டேன்."

ஆசிரியை அவர் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு சொன்னாள்: "அம்மா போனப்புறம்தான் அண்ணா, அப்பா அட்டைகளைச் சாப்பாட்டு மேசைக்கே எடுத்துட்டு வந்தாரு. தனியா இந்த ரூம்ல அவரால உக்கார முடியல. அது உனக்குத் தெரியாது."

அம்மையார் கணவருக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். தட்டச்சாளரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

உள்ளே அண்ணன் ஒரு முடிச்சை அவிழ்த்து, மேலே கிடந்த அட்டையை எடுத்தார். "வித்தைன்னு எழுதி, பக்கத்துல வீடியோன்னு போட்டிருக்காரே?"

"ரெண்டுக்கும் ஒரே வேர். பாக்கறதுன்னும் அர்த்தம், தெரிஞ்சுக்கறதுன்னும் அர்த்தம்."

"நான் பாக்கவே இல்லையே" என்றார் அவர்.

"நான் வேலையை விடப் போறதில்ல அண்ணா. தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இதைப் பாக்கலாம், சாப்பாட்டு மேசையில. நீயும் வா" என்று அவள் ஒரு பெட்டியைத் தூக்கினாள். அவர் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டார்.