எதிர்ப்பு எண்

தன்ஷிகா மணிக்கட்டை நீட்டினாள். ஆலையின் வாயில் திறக்கவில்லை.

மறுபடியும் நீட்டினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்து வாயிலுக்கு நகர்ந்தார்கள். கையிலிருந்த பணிக்காப்பு மெல்ல அதிர்ந்தது. இதமான ஒரு பெண்குரல் பேசியது.

“உங்கள் பணி இன்றோடு முடிகிறது. காரணம், செயல்திறன் போதாமை. சம்மதம் என்றால் காப்பைத் தொடவும்.”

ஒரகடம் தொழிற்பேட்டையில் எந்த ஆலைக்குப் போனாலும் எல்லோர் கையிலும் பணிக்காப்பு உண்டு. நாடித்துடிப்பு, மூச்சு, குரலின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். ஒருவர் மயங்கி விழுவதற்கு முன்பே ஆம்புலன்ஸை அழைத்துவிடும். தொழிற்சங்கங்களே போராடி வாங்கிக் கொடுத்த பாதுகாப்பு அது.

தன்ஷிகாவுக்கு வெண்சுடர் மருந்து ஆலையில் வேலை. ஊசி மருந்துக் குப்பிகளை விளக்கொளியில் பிடித்து, இயந்திரத்தின் கண்ணுக்குத் தப்பிய தூசைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் மீது இதுவரை ஒரு புகாரும் இல்லை. ஏதோ பிசகு, உள்ளே போய்க் கேட்கலாம் என்று நினைத்தாள். வாயில் திறந்தால்தானே உள்ளே போக முடியும்? காப்பைத் தொடாமலேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

“தொட்டுட்டு விட்டுத் தள்ளு,” என்றான் கணவன் பிரணவ். “வேற வேலை பாத்துக்கலாம். கேஸு கோர்ட்டுன்னு யாரு அலையிறது?”

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் அவள் பேசுவதற்கு முன்பே காப்பு பேசிவிட்டது. செயல்திறன் போதாமை. நேர்காணல் நடத்தியவர்கள் திரையை ஒருமுறை பார்ப்பார்கள், அப்புறம் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் கோகுல் கூப்பிட்டார். அவளோடு ஒரே மேசையில் இருந்தவர். அதே காலையில் அவரையும் நீக்கியிருந்தார்கள்.

“நான் தொட்டுட்டேம்மா. எல்லாரும் பாக்கறாங்களேன்னு அவசரத்துல தொட்டுட்டேன். தொட்டா நானே ராஜினாமா பண்ணதா ஆயிடுமாம். இனிமே எதுவும் கேக்க முடியாதாம். நீ தொட்டுடாதே.”

அன்று மாலையே அவள் வழக்கறிஞர் ரிஸ்வானாவைப் பார்க்கப் போனாள்.

“முன்கூட்டியே நோட்டீஸ் ஏதாவது குடுத்தாங்களா?”

“இல்ல மேடம்.”

“இன்ன தப்பு பண்ணீங்கன்னு எழுதிக் குடுத்தாங்களா? விசாரணைன்னு கூப்பிட்டாங்களா?”

“இல்ல.”

“அப்போ நீங்க இன்னமும் அவங்க பணியாளர்தான். தப்புன்னு சொன்னா என்ன தப்புன்னு சொல்லணும். பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு குடுக்கணும். ரெண்டும் இல்லாம நிரந்தரப் பணியாளரை வெளிய அனுப்ப முடியாது.”

“எனக்கு எதிர்த்துப் பேச வராது மேடம்.”

“பேச நான் இருக்கேன். நீங்க வந்து நின்னா போதும்.”

சமரசப் பேச்சுக்கு நிறுவனத்தின் தரப்பில் யாரும் வரவில்லை. வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. காப்புகளின் பதிவுகளைப் படித்து யாரை நீக்குவது என்று முடிவு செய்தது முன்கணிப்பி என்ற இயந்திரம், அது எப்படிச் சிந்திக்கிறது என்பது வணிக ரகசியம் என்று நிறுவனம் வாதாடியது. காரணம் தெரியாமல் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார் என்று ரிஸ்வானா கேட்டார். நீதிபதிக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். இயந்திரம் நீதிமன்றத்தில் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டார்.

சாட்சிக் கூண்டில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்தார்கள். வாயிலில் கேட்ட அதே இதமான குரல்.

“இவரை நீக்கியதற்குக் காரணம்?” என்று ரிஸ்வானா கேட்டார்.

“செயல்திறன் போதாமை.”

“இவரைவிடச் செயல்திறன் குறைந்தவர்கள் அந்தப் பிரிவில் இருக்கிறார்களா?”

“பெரும்பாலோர் குறைந்தவர்களே.”

“அவர்களை விட்டுவிட்டு இவரை ஏன்?”

“ஆட்குறைப்பு தேவைப்பட்டது. இவருடைய எதிர்ப்பு எண் மூன்று.”

“அப்படியென்றால்?”

“இவரைப் போன்ற நூறு பேரை நீக்கினால் மூவர்தான் வழக்குத் தொடுப்பார்கள். சிக்கல் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்தேன்.”

தன்ஷிகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மேற்பார்வையாளர் காரணமில்லாமல் திட்டிய நாட்களில் நெஞ்சு படபடக்க, குரலை மட்டும் தணித்து, “சரி சார்” என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் படபடப்பையும் தணிந்த குரலையும் காப்பு ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

தீர்ப்பு அவள் பக்கம். பணித்தொடர்ச்சி அறுபடாமல் அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு எண்ணைப் பார்த்து இனி யாரையும் நீக்கக் கூடாது. ரிஸ்வானா விடாமல் கேட்ட இன்னொன்றும் கிடைத்தது. தன்னைப் பற்றிய எண்ணை அறிவது தொழிலாளியின் உரிமை என்பதால், அவரவர் எண்ணை அவரவர் காப்பிலேயே காட்ட வேண்டும்.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. எண்ணைப் பார்த்து நீக்கக் கூடாது என்ற பகுதிக்கு மட்டும் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. எண் குறைந்தவர்களை இப்போதைக்கு நீக்கலாம் என்றாகிவிட்டது. எண்ணைக் காட்டுவதை நிறுவனம் எதிர்க்கவே இல்லை.

தன்ஷிகா வேலைக்குத் திரும்பினாள். வாயில் திறந்ததும் அவள் காதில் விழுந்தது இரைச்சல். எங்கு பார்த்தாலும் சண்டை. தேநீர் சூடாக இல்லையென்று ஒருவர் கத்தினார். நாற்காலியைத் தள்ளிப் போட்டதற்காக இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறை. ஒவ்வொரு கூச்சலுக்குப் பிறகும் கத்தியவர்கள் குனிந்து மணிக்கட்டில் எண் ஏறியதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

அவளுடைய எண் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. மேற்பார்வையாளர் ‘வாங்க, போங்க’ என்று பேசினார். ஆனால் அமைதியாகக் கழிந்த ஒவ்வொரு நாளும் எண் இறங்கியது. கூடவே தூக்கமும் போனது. ரிஸ்வானாவை அழைத்தாள்.

“மேடம், இந்த எண்ணைக் காட்ட வேணாம்னு கேக்க முடியுமா?”

“நாமதானேங்க கேட்டு வாங்கினோம். இப்போ அது எல்லாரோட உரிமை.”

மறுபடி ஆட்குறைப்பு வருகிறது என்று ஒரு பேச்சு பரவியது. அவளுடைய எண் நாற்பதுக்கு வந்திருந்தது. ராஜினாமா செய்தவர் என்பதால் பழைய பணிக்காலம் எதுவும் இல்லாமல், புதிய ஒப்பந்தத் தொழிலாளியாகக் கோகுல் அந்த வாரம்தான் அவள் மேசைக்கு வந்தார். அவள் சிபாரிசு செய்ததற்கு நன்றி சொல்லத் தயங்கித் தயங்கி நின்றவர், சோதித்த குப்பிகளின் தட்டைச் சோதிக்காத பக்கம் வைத்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அவள் பேசாமல் நகர்த்தி வைத்திருப்பாள்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?” பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “வேலை தெரியாம எதுக்கு வந்து நிக்கிறீங்க?”

அவள் காப்பில் எண் மளமளவென்று ஏறியது.

“சரிம்மா. என் தப்புதான்,” என்றார் கோகுல்.

தட்டை நகர்த்த அவர் கையை நீட்டியபோது அவருடைய எண் தெரிந்தது. ஏற்கெனவே ஒன்பது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாகி, நான்கானது. அவர் அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்டால் தன் எண் இறங்கும் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, அடுத்த குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.