ரொட்டியில் ஊதாக் கறை!

"ஐயோ...! செத்துட்டான்!"

இரேனா போட்ட அலறலில் பியெஷாடி மலைப் பள்ளத்தாக்கே விழித்துக்கொண்டது.

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி விடியல். புல்வெளி முழுக்க வெண்பனி.

கூடாரத்துக்குள் லெஷெக் மல்லாந்து கிடந்தான். வாய் பிளந்திருந்தது.

உதடுகள்... ஊதா!

தலைமாட்டில் ஒரு காலி பாட்டில். லேபிளில் மண்டையோட்டுப் படம். கூடார அடுப்பில் ஊற்றி எரிக்கிற ஊதா ஸ்பிரிட்!

பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டி. அதன் நடுவில் ஊதாக் கறை.

போலந்தில் பிறந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஸ்பிரிட்டை ரொட்டியில் வடிகட்டினால் விஷம் போய்விடும் என்று நம்பிக் குடித்து, ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிற புண்ணியவான்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

இரேனாவின் புருஷன் வால்டெக் ஓடி வந்தார். ஒரு கையில் ஆவி பறக்கும் காப்பிக் குவளை!

"நான் அப்பவே சொன்னேன்ல? குடிகாரப் பயலுக்கு எதுக்கு ஸ்பிரிட் அடுப்பு? என்னை மாதிரி கேஸ் அடுப்பு வாங்குடான்னா கேட்டானா?"

"வாயை மூடுங்க! ஆளே போயிட்டான்... கேஸாம் கேஸ்!"

அப்போதுதான் அந்தப் பயங்கரம் நடந்தது.

பிணம் குறட்டை விட்டது!

வால்டெக் குனிந்து உலுக்கினார். லெஷெக் கண்ணைத் திறந்து, காதிலிருந்து பஞ்சை உருவினான்.

"என்ன மச்சான்... விடிஞ்சிடுச்சா? உங்க குறட்டைக்குப் பயந்துதான் பஞ்சு வெச்சேன்."

"நடிக்காதே மாப்ளே! பாட்டிலைப் பாரு! ரொட்டியைப் பாரு!"

லெஷெக் பார்த்தான். வெளிறிப் போனான்.

"சத்தியமா நான் குடிக்கல!"

"அதை என்கிட்ட சொல்லாதே. என் தங்கச்சி வர்றா... அவகிட்ட சொல்லு."

தூரத்தில் ஜீப் சத்தம்!

லெஷெக் அவசரமாக எழுந்து உட்கார்ந்தான். குடியால் வேலையும் போய், பெண்டாட்டி வீட்டை விட்டே துரத்தப்பட்டவன் அவன். 'ஆகஸ்ட் முழுக்க ஒரு சொட்டு தொடாம இரு. கடைசி நாள் நானே வந்து வீட்டுச் சாவியைக் கையில தர்றேன்' என்று சொல்லியிருந்தாள் அவன் பெண்டாட்டி போஜெனா. மாதா கோவிலில் சத்தியம் செய்து, ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

இன்றுதான் அந்தக் கடைசி நாள். பாவம், எந்த நேரத்தில் மாட்டினான் பாருங்கள்!

ஜீப் நின்றது. பச்சைச் சீருடையில் போஜெனா இறங்கினாள். தேசியப் பூங்காவின் காவல் அதிகாரி. பூங்காவில் காளான் பறித்த சொந்தப் பெரியப்பாவுக்கே அபராதச் சீட்டு கிழித்துக் கொடுத்த மகராசி!

உதட்டைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள்.

கையிலிருந்த சாவி மெதுவாகப் பாக்கெட்டுக்குள் போனது.

"போஜெனா... கொஞ்சம் கேளு..."

"ஊது!"

ஊதினான். அவள் மூக்கு சுருங்கியது.

"சாராய வாடை இல்ல. பல்லு தேய்க்காத வாடைதான். அப்போ உதட்டுல என்ன?"

லெஷெக் வாயைத் திறந்தான்... அவள் சீருடையைப் பார்த்தான்... மூடிக்கொண்டான்!

"பார்த்தியா, முழிக்கிறான்!" என்றார் வால்டெக்.

போஜெனா வெளியே போனாள். லெஷெக்கின் ஸ்பிரிட் அடுப்பு கூடார வாசலில் இருந்தது. குனிந்தவள் அப்படியே நின்றாள்.

சுற்றிலும் வெண்பனி. அடுப்பைச் சுற்றி மட்டும்... வட்டமாகப் பச்சைப் புல்!

"அண்ணே, குடிச்ச ஸ்பிரிட் வயித்தைத்தான் எரிக்கும். பனியை உருக்காது. இதை யாரோ இப்பத்தான் எரிச்சிருக்காங்க!"

வால்டெக் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அந்தக் காப்பியை எதுல போட்டீங்க?"

"எ... என் கேஸ் அடுப்புலதான்! பத்த வெச்சா நிமிஷத்துல கொதி! பம்பு அடிக்க வேணாம், ஊத்த வேணாம்..."

"எனக்கும் ஒரு காப்பி போடுங்களேன். குளிருது."

"இப்பவா?"

"இப்பவே!"

வால்டெக் தன் அடுப்பை எடுக்கப் போனார். கேஸ் டப்பா புல்லோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி எடுத்துத் திருகினார். தீக்குச்சி உரசினார்.

புஸ்...

பட்டாணி அளவுக்கு ஒரு நீலச் சுடர். அதுவும் பொசுக்கென்று அணைந்தது.

குலுக்கினார். உள்ளே திரவம் தளும்பியது. டப்பா நிறையச் சரக்கு இருக்கிறது... வெளியே வரத்தான் மாட்டேன் என்கிறது!

"மலிவு கேஸ் அண்ணே. வெயில்ல வீரன். தண்ணி உறையற குளிர்ல ஆவியே ஆகாது. குளிர் நாட்டுக்காரருக்கு இதுகூடத் தெரியாதா?"

"நேத்து சாயங்காலமே இவரோட கேஸ் விளக்கு மினுக் மினுக்குன்னு கண்ணடிச்சிட்டு செத்துது" என்றாள் இரேனா. "என் பெட்ரோல் விளக்குலதான் சாப்பிட்டோம். அப்பவும் வாய் ஓயல!"

"நீ யார் பொண்டாட்டிடி?" வால்டெக் பல்லைக் கடித்தார். "சரி! இவளோட பெட்ரோல் அடுப்புல போட்டேன். போதுமா?"

"அண்ணி, உங்க அடுப்பைத் தொட்டாரா?"

"அது போடற இரைச்சலுக்கு நிஜப் பொணமே எந்திரிச்சிரும். நான் எந்திரிக்க மாட்டேனா? அதுவும் பத்த வைக்கும்போது பாத்திரத்து அடியெல்லாம் கரி அப்பும். அவர் பாத்திரத்தைக் காட்டச் சொல்லு!"

போஜெனா பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அடி... பளபளவென்று சுத்தம்!

"விறகு மூட்ட இங்கே தடை. சத்தமில்லாம, கரியில்லாம, பனியிலயும் எரியறது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க பிச்சைக்காரன் அடுப்புன்னு கேலி பண்ணின ஸ்பிரிட்! சொல்லுங்கண்ணே!"

வால்டெக் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"குளிர் தாங்கல... பாட்டில்ல கொஞ்சம்தான் இருந்துச்சு. காப்பி போட்டுட்டு காலி பாட்டிலை எடுத்த இடத்துலயே, அவன் தலைமாட்டுல வெச்சிட்டேன். ராத்திரியெல்லாம் கேஸ் கேஸ்னு பீத்திக்கிட்டு, காலையில அவன் அடுப்புல காப்பி போட்டேன்னு எப்படிச் சொல்றது? மானம் போயிடாதா?"

"உங்க மானத்துக்கு என் குடும்பமா மச்சான்?" லெஷெக்கின் குரல் உடைந்தது.

"தப்புதான் மாப்ளே... மன்னிச்சிடு." காப்பியை அவனிடமே நீட்டினார்.

போஜெனா திரும்பினாள்.

"அது சரி. ரொட்டியில கறை? உன் உதடு?"

இனி ஒளிக்க முடியாது. லெஷெக் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான்.

உள்ளே... நாவற்பழத்தின் குட்டித் தம்பிகள் மாதிரி காட்டு யாகொடிப் பழங்கள்!

"நேத்து சாயங்காலம் பறிச்சேன். உனக்குப் பிடிக்குமேன்னு. படுக்கறதுக்கு முன்னாடி ஆசையில கொஞ்சம் ரொட்டியில வெச்சு நசுக்கித் தின்னுட்டேன்."

போஜெனா ஒரு பழத்தை வாயில் போட்டாள். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

பாக்கெட்டிலிருந்து சாவி வெளியே வந்தது. அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"வீட்டுக்கு வா."

இரேனா மூக்கைச் சிந்தினாள்.

போஜெனா இன்னொரு பழத்தை எடுத்தாள். சட்டென்று கை நின்றது.

"லெஷெக்... ஓடைக்கு இந்தப் பக்கம் யாகொடிச் செடியே கிடையாதே?"

லெஷெக் டப்பாவை மெல்ல மூடினான்.

"அந்தப் பக்கம் தேசியப் பூங்கா! பறிச்சது அங்கேதானே?"

"இதுக்குத்தான்... அப்பவே வாயைத் திறக்கல..."

மறு பாக்கெட்டிலிருந்து அபராதச் சீட்டுக் கட்டு வெளியே வந்தது!

"அடிப்பாவி! இப்பத்தானே சாவி குடுத்தே?"

"குடிக்காததுக்குச் சாவி. பறிச்சதுக்குச் சீட்டு. பேர் தெரியும். விலாசம் சொல்லு!"

லெஷெக் சாவியை விரலில் மாட்டி ஒரு சுழற்று சுழற்றினான். ஊதா உதடுகள் விரிந்தன.

"இன்னிலேர்ந்து உன் வீட்டு விலாசம்தான்! எனக்கோ வேலை இல்ல... சீட்டைக் கிழிக்கிறதும் நீ, கட்டப்போறதும் நீ. தாராளமா எழுதும்மா!"